சிட்டி விடெக், ஐகான் 1.6, பாலியோ 1.6, ஆக்டேவியா ஆர்எஸ்: இப்போ எதை வாங்கி வெச்சா நல்லது?

#1 | ஆறாயிரம் ஆர்பிஎம் | கோயம்புத்தூர்

வணக்கமுங்க. ஆபீஸ் போக வர வீட்டுல ஒரு ஆட்டோமேட்டிக் நிக்குது. அதை ஓட்டறதுக்கு டிரைவரே தேவையில்லை போல இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எடுத்துட்டுப் போக, கிளட்ச் மிதிச்சு கியர் போட்டு ஓட்டற மாதிரி, 2000-க்கு அக்கம்பக்கத்துல வந்த பெட்ரோல் வண்டி ஒண்ணு தேடிட்டிருக்கேன். தலைப்புல இருக்கற நாலும்தான், அதாவது ஹோண்டா சிட்டி விடெக், ஃபோர்டு ஐகான், ஃபியட் பாலியோ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், மனசுல நிக்குது.

நான் காலேஜ் முடிச்ச சமயத்துல இதுகளைச் சீண்ட ஆளில்லை. மைலேஜ் குடுக்காதுன்னு வந்த விலைக்குத் தள்ளிவிட்டாங்க. இப்ப அதே வண்டிக்குக் கேக்கற ரேட்டைப் பார்த்தா புது ஆல்டோவே எடுத்துடலாம் போல.

கேள்வி ரெண்டு. ஓட்ட எது சுகம்? அஞ்சாறு வருசம் வெச்சிருந்து குடுத்தா எதுல கை கடிக்காது? ரெண்டுக்கும் ஒரே வண்டி பதிலா வருமாங்கறதுதான் என் சந்தேகம்.

#2 | மறைமலைநகர்காரன் | செங்கல்பட்டு

ஐகான் 1.6. அடுத்த கேள்வி கேளுங்க.

காகிதத்துல விடெக் 106 குதிரை, ஐகான் 92. ஆனா டிராஃபிக்ல ரெண்டாவது கியர்ல உருட்டிட்டே போய் சும்மா ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க. சிட்டி மேல ஏறினாத்தான் முழிக்கும், ஐகான் கீழயே இழுக்கும். ஸ்டீயரிங் பத்தி சொல்லவே வேணாம், ரோட்டுல கிடக்குற கல்லு கூட கைக்குத் தெரியும். அடியில இருக்கிறது ஐரோப்பா ஃபியஸ்டா. "ஜோஷ் மெஷின்"னு விளம்பரம் பண்ணது 1.6-க்கு மட்டும்தான் பொருந்தும்; 1.3 எடுத்தவங்க மன்னிக்கணும்.

இன்னொண்ணு, ஐகான் 1.6-ல இருக்கிற ரோக்காம் இன்ஜினுக்கு அப்பப்ப மாத்தியாக வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பழைய வண்டி வாங்குறவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு வாங்கினவனுக்குத்தான் தெரியும்.

#3 | விடெக் வெறி | சேலம்

ஐகான் நல்ல வண்டிதான், மறுக்கலை. ஆனா வேகம் ஏறினா வால்வைத் திறக்கிற கேம் மாறுறதுதானே விடெக், அது மாறி சத்தம் மாறுற இடத்துக்கு மாத்து ஏது? சாதுவான குடும்ப கார் மாதிரி போயிட்டிருக்கும், திடீர்னு வேற வண்டி. உயரமும் இல்லை, எடையும் இல்லை. 2003-ல அடுத்த சிட்டி வந்தப்ப ஹோண்டா 77 குதிரையைக் கையில குடுத்துச்சே, அன்னிக்கே பழசுக்கு மவுசு ஆரம்பிச்சிடுச்சு.

#4 | பட்டறைக்காரன் | திருச்சி

தம்பி, நான் ரசிகர் மன்றத்து ஆள் இல்லை, வண்டி பிரிச்சு மாட்டுறவன். அதனால வேற விதமா சொல்றேன்.

சிட்டி விடெக்குக்கு இன்னிக்கு இருக்கிற மதிப்புல பாதி அதோட அபூர்வத்துக்கு. ஏன் அபூர்வமாச்சு? வித்தது கம்மி. வித்ததுல கொஞ்சம் ரேஸுக்குப் போச்சு. மிச்சத்துல கணிசமானதை இன்ஜினை மட்டும் கழட்டி 1.3 சிட்டியில போட்டுட்டாங்க. ஆக இப்ப உங்க முன்னாடி வர்ற "விடெக்" மூணு வகை. பிறக்கும்போதே விடெக்கா பிறந்தது, இன்ஜின் மாத்தி விடெக் ஆனது, ஸ்டிக்கர் ஒட்டி விடெக் ஆனது. மூணாவது ரகத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. ரெண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும். ஓட்டிப் பார்த்தா அசல் மாதிரியே போகும். ஆனா ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பர் வேற, பிளாக்குல இருக்கிறது வேற. 15 வருசத்துக்கு மேல ஆன வண்டியை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டு போறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தார்னா அங்கேயே கதை முடிஞ்சுது. ஓட்டுற சுகத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான், விக்கிற விலையில ரெண்டும் ஒண்ணு இல்லை.

கேம் மாறலைன்னா உடனே இன்ஜின் போச்சுன்னு பயப்படவும் வேணாம். விடெக் மாறுறது ஆயில் பிரஷர்ல. ஹெட்டுல ஒரு சோலனாய்ட் இருக்கும், அதுக்கு அடியில கேஸ்கெட்டோட சேர்ந்து சின்னதா ஒரு சல்லடை. ஆயில் ஒழுங்கா மாத்தாத வண்டியில அந்தச் சல்லடை தார் பூசின மாதிரி அடைச்சிருக்கும். கழட்டிப் பெட்ரோல்ல ஊற வெச்சு மாட்டினா பத்துக்கு அஞ்சு வண்டி சரியாயிடும். ஆயில் லெவல் குறைஞ்சிருந்தாலும் மாறாது. விக்கிறவர் "அது சென்சார் கோளாறு, சின்ன வேலைதான்"னு சொன்னார்னா, "அப்ப சரி பண்ணிக் குடுங்க, சொன்ன விலை தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. முகம் போற போக்குல தெரிஞ்சுடும்.

ஐகானுக்கு பிரச்சினை வேற. இன்ஜின் கல்லு மாதிரி. டேங்குக்குள்ள இருக்கிற ஃபியூயல் பம்ப், சஸ்பென்ஷன்ல லோயர் ஆர்ம் புஷ், ஏ.சி. இந்த மூணும் காசு கேக்கும். வாங்கும்போது இதுல எதெல்லாம் மாத்தினாங்கன்னு பில் கேளுங்க.

#5 | பேட்டை ராப்பர்ட் | சென்னை

மிட்சுபிஷி செடியாவை ஏன் யாரும் சொல்லலை? நம்ம திருவள்ளூர்ல செஞ்ச வண்டி. 2 லிட்டர், 115 குதிரை, ராலியில வருசக்கணக்கா அடிச்சு ஓட்டியும் தாங்கின சஸ்பென்ஷன்.

#6 | பட்டறைக்காரன் | திருச்சி

செடியா தங்கமான வண்டி. ஹெட்லைட் ஒண்ணு உடைஞ்சா தேடுற தேடல்ல தங்கம் வாங்கிடலாம்.

#7 | மஞ்சள் பாலியோ | மதுரை

எல்லாரும் பாலியோவைத் தாண்டிப் போறீங்க, பரவாயில்லை, அதனாலதான் விலை இன்னும் கட்டுப்படி ஆகுது.

1.6 ஜிடிஎக்ஸ் 2001-ல வந்தப்ப ஒரு ஹேட்ச்பேக்குல 100 குதிரைங்கிறது நம்ம நாட்டுல கேள்விப்படாத விஷயம். கதவைச் சாத்துற சத்தமே வேற. வளைவுல கார் உங்களை விடத் தைரியமா போகும். சச்சினை வெச்சு விளம்பரம், அவர் பேர்ல எஸ்10-னு ஸ்பெஷல் எடிஷன். ஆனா பெட்ரோல் குடிச்ச குடியில வாங்கினவன் எல்லாம் ஆறு மாசத்துல கையைப் பிசைஞ்சான். ஷோரூம் சர்வீஸ் பத்தி வாயைத் திறக்கல, பெரியவங்க இருக்கிற இடம்.

எஸ்10-க்கு மட்டும் ஓரளவு தேடல் இருக்கு. சாதா ஜிடிஎக்ஸுக்கு இன்னிக்கும் வாங்குறவன் ரசிகன், விக்கிறவன் விரக்தியில இருக்கிறவன். விலை ஏறும்னு வாங்காதீங்க, ஓட்டத்தான் வாங்குங்க.

#8 | கணக்குப்பிள்ளை | ஈரோடு

குறுக்க வர்றேன், கோவிச்சுக்காதீங்க. "விலை ஏறுது, ஏறுது"ங்கறீங்களே, எதை வெச்சுங்க சொல்றீங்க? விளம்பரத்துல கேக்கறது ஆசை. கை மாறறதுதான் விலை. அந்த விலை எங்கயும் பதிவாகறதில்லை. ஒரே வண்டி எட்டு மாசமா விளம்பரத்துல தொங்கீட்டு, மாசாமாசம் ரேட் மட்டும் ஏறிட்டிருக்கறதை நானே பார்க்கறேன். அதுக்குப் பேரு விலை ஏற்றமா?

சரி, நிஜமாவே ஏறுச்சுன்னு வெச்சுக்குவோம். விடெக் புதுசுல ஏழெட்டு லட்சம். அந்தக் காசை அன்னிக்கு பேங்க்ல போட்டிருந்தா இன்னிக்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. முதல் ஓனருக்கு லாபம் கிடையவே கிடையாது. அடிமட்டத்துல கிடந்தப்ப வாங்குன மூணாவது ஓனருக்குத்தான் ஏதோ மிச்சம், அதுலயும் டிங்கரிங், பெயின்ட், டயர் எல்லாம் கழிச்சா என்ன நிக்கும்?

அரசாங்கச் செலவையும் சேர்த்துக்கங்க. ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வருசம் தாண்டுன காருக்கு 10,000. இறக்குமதி காருக்கு 80,000. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இது வரும், பசுமை வரி தனி. விண்டேஜ்னு பதிவு பண்ணித் தப்பிக்கலாம்னு பார்த்தா அதுக்கு வண்டிக்கு 50 வயசாகணும், அப்படிப் பதிஞ்சாலும் தினப்படி ஓட்டக்கூடாது. 2001 சிட்டி அந்தக் கணக்குல 2051-லதான் விண்டேஜ். அதுவரைக்கும் அது சட்டத்துக்கு வெறும் பழைய கார்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். நீங்க லட்சக்கணக்குல குடுத்து வாங்குன வண்டிக்கு அவங்க போடற மதிப்பைப் பார்த்தா அழுகை வரும். அஞ்சு வருசம் தாண்டுன வண்டிக்கு ரெண்டு பக்கமும் பேசி மதிப்பு வெச்சுக்கலாம்னு விதி இருக்குது. கேட்டுப் பேசி எழுதி வாங்குங்க, சும்மா இருந்தா தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு அனுப்பிச்சிருவாங்க.

#9 | விடெக் வெறி | சேலம்

ஆர்எக்ஸ்100-க்கு இதே கணக்கைத்தானே அன்னிக்கும் சொன்னாங்க? 1996-ல நிறுத்தின வண்டி. இன்னிக்கு நல்லா ரெடி பண்ணதுக்கு லட்சத்துக்கு மேல குடுக்க ஆள் நிக்குது.

#10 | கணக்குப்பிள்ளை | ஈரோடு

நல்ல உதாரணம், ஆனா எனக்குத்தான் சாதகம். ஆர்எக்ஸ்100-க்கு சைலன்சர்ல இருந்து சைடு பாக்ஸ் வரைக்கும் புதுசா அடிச்சு விக்கறாங்க. ஊருக்கு ஊர் கண்ணை மூடிட்டுப் பிரிக்கற மெக்கானிக் இருக்கறாரு. வீட்டுத் திண்ணையில நிறுத்திக்கலாம். உங்க விடெக்குக்கு முன்பக்க பம்பர் எங்க கிடைக்கும், சொல்லுங்க பார்ப்போம்.

#11 | ஈகே தம்பி | யாழ்ப்பாணம்

அண்ணாமார், நீங்கள் விலை ஏறுது, ஏறேல்ல எண்டு அடிபடுறதைப் பாக்க எங்களுக்குச் சிரிப்பா இருக்கு. 2020 மார்ச்சில இஞ்ச வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள். 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார்களுக்குத் திறந்து விட்டவங்கள், அதுவும் காரின்ர விலையை விட வரி கூட. இடையில அஞ்சு வரியம், இருக்கிற கார்தான் கார். டொயோட்டா விட்ஸ் எண்ட சின்னக் கார் வைச்சிருந்தவனும் இரவோட இரவா பணக்காரன்.

ஆனா அதை வைச்சு எல்லாம் ஒண்டு எண்டு சொல்லேலாது. விட்ஸ் ஏறினது வேற கார் இல்லாததால. ஹோண்டா சிவிக் ஈகே, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், லான்சர் எவோ ஏறினது வேற காரணம். நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி, கட்டுக்குருந்த ரேஸ் எண்டு ஓடி ஓடி, வெட்டிக் கொத்தி, அடிபட்டு முடிஞ்சது கனக்க. வெட்டாமல், ஒரிஜினல் ஆசனங்களோட, ஒரிஜினல் எக்ஸோஸ்ட்டோட இருக்கிற ஈகே ஒண்டு வந்தா விளம்பரத்துக்கே வராது, தெரிஞ்ச ஆக்களுக்குள்ளயே கை மாறிடும். இறக்குமதி திறந்த பிறகு விட்ஸ் வைச்சிருக்கிறவங்களுக்குத்தான் பயம். ஈகே வைச்சிருக்கிறவன் ஒருத்தனும் பயப்பட்டதை நான் காணேல்ல, ஏனெண்டா அதை இனி எவரும் கொண்டு வரேலாது.

என்ர அண்ணன்ர ஈகேக்கு வந்த ஆள் முதல்ல பாத்தது இன்ஜினை இல்லை. பின் சில்லுக்கு மேல உள்ள தகரத்தை விரலால தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறின இடத்தில நிண்டு, "இதில பட்டி பூசி மூடியிருக்குது தம்பி" எண்டு சொல்லிப் போட்டுத்தான் பொனட்டைத் திறக்கச் சொன்னவர்.

#12 | பிராம்ப்டன் மதுரைக்காரன் | கனடா

ஈகே தம்பி சொன்னதை அப்படியே இங்க பார்க்கலாம். ஜப்பான்ல ஒரு காலத்துல கம்பெனிக்காரங்க தங்களுக்குள்ள பேசி வெச்சு 280 குதிரைக்கு மேல காகிதத்துல போடறதில்லைன்னு இருந்தாங்க. ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா, என்எஸ்எக்ஸ், மிட்சுபிஷி ஜிடிஓ, எல்லாத்துக்கும் புரோஷர்ல அதே 280. குதிரைதான் விலைன்னா இன்னிக்கு எல்லாம் ஒரே விலையில இருக்கணும். ஜிடிஓ வெச்சிருக்கிறவரைக் கேட்டுப் பாருங்க, ஆர்34 ஸ்கைலைன் ஜிடி-ஆர் விலையைச் சொன்னா பேச்சை மாத்துவார்.

விலையை ஏத்துறதுல சட்டத்துக்குப் பெரிய பங்கு. கனடாவுல 15 வருசம் ஆன காரைக் கொண்டு வரலாம். அமெரிக்காவுல 25 வருசம் ஆகணும். அதனால ஆர்34 இங்க எப்பவோ வந்தாச்சு, 1999-ல செஞ்சது அமெரிக்காவுக்குள்ள முறைப்படி நுழைஞ்சது 2024-ல. அந்த வருசம் நெருங்க நெருங்க ஜப்பான் ஏலத்துல அமெரிக்கக்காரன் முன்கூட்டியே வாங்கிக் கிடங்குல போட ஆரம்பிச்சான். இங்க இருந்த எங்களுக்கு அன்னிக்கே புரிஞ்சு போச்சு, இனி நமக்கில்லைன்னு. 2023-ல சினிமாவுல ஓடின ஒரு ஆர்34 ஏலத்துல 13 லட்சம் டாலரைத் தாண்டுச்சு. அது காரோட விலை இல்லை, ஓட்டின நடிகரோட விலை. ஆனா அதைப் பார்த்துட்டு தெருமுனையில ஜிடி-ஆரே இல்லாத சாதா ஸ்கைலைன் வெச்சிருக்கிறவனும் ரேட்டை ஏத்திட்டான்.

கணக்குப்பிள்ளை ஐயா கேட்ட பம்பர் கேள்விதான் அடுத்த பெரிய விஷயம். நிஸ்ஸான் 2017-ல ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு பழைய பாகங்களைத் திரும்ப செஞ்சு விக்க ஆரம்பிச்சது. டொயோட்டா 2020-ல சுப்ராவுக்கு ஆரம்பிச்சது. பாகம் செஞ்ச கம்பெனியே திரும்ப செய்யுதுன்னா வாங்குறவனுக்குப் பயம் போயிடுது. நம்ம ஊர்ல ஃபோர்டு உற்பத்தியையே நிறுத்தியாச்சு, ஃபியட்டும் கடையைக் கட்டியாச்சு. அதை மனசுல வெச்சுக்கிட்டு ஐகானும் பாலியோவும் பாருங்க.

நம்ம ஊர் வண்டிகளுக்கு ஒரு நல்ல நேரம், குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்ட மாட்டாங்க. இங்க பத்து குளிர்காலம் பார்த்த காரை லிப்ட்ல தூக்கிக் கீழயிருந்து பார்த்தா ஓட்டை வழியா ஆகாயம் தெரியும்.

#13 | மறைமலைநகர்காரன் | செங்கல்பட்டு

உப்பு இல்லைன்னா என்ன, எங்களுக்கு 2015 டிசம்பர் இருக்கே. மெட்ராஸ் வண்டி வாங்குறவங்க சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. தண்ணியில நின்ன வண்டின்னா உள்ளே சுருண்டிருந்த பகுதியில சேத்துக்கோடு நிக்கும். சீட் கவரை மாத்துவான், கார்பெட்டை மாத்துவான், பெல்ட்டை எவனும் மாத்த மாட்டான்.

ஃபோர்டு பாகம் பத்தி: ஐகான் தென்னாப்பிரிக்காவுலயும் ஓடுன வண்டி. நம்ம ஆளுங்க அங்கயிருந்து வரவழைக்கிறாங்க. வழி முழுசா அடைபடலை.

#14 | வீஆர்எஸ் | பெங்களூர்

நாலாவது வண்டியைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. 2004 ஆக்டேவியா ஆர்எஸ் வெச்சிருக்கேன். ஐரோப்பாவுல 180 குதிரை, நமக்கு 150 ஆக்கிக் குடுத்தாங்க. 1.8 டர்போ. நாலாவது கியர்ல லாரியைத் தாண்டுறப்ப சிட்டியும் ஐகானும் வேற உலகம்.

ஆர்எஸ்-க்கு உள்ள தனிச்சலுகை, ஸ்கோடாவே அந்தப் பேரை உயிரோட வெச்சிருக்கு. 2017-ல 230 குதிரை ஆர்எஸ் வந்துச்சு. 2020-ல 245, மொத்தமே 200 வண்டி, 36 லட்சம். 2025 அக்டோபர்ல திரும்ப 100 வண்டி, கிட்டத்தட்ட 50 லட்சம், வந்த வேகத்துல முடிஞ்சுது. ஒவ்வொரு தடவை புதுசு வர்றப்பவும் கிடைக்காதவங்க நம்மள மாதிரி பழசு பக்கம் திரும்புறாங்க, எனக்குப் போன் வருது.

செலவு? இக்னிஷன் காயில் எப்பவும் ஒண்ணு டிக்கியில வெச்சிருப்பேன். இன்ஜின் பாகம் பிரச்சினையே இல்லை, ஃபோக்ஸ்வாகன், ஆடின்னு உலகம் பூரா ஓடுன இன்ஜின். ஆர்எஸ் பம்பர், ஆர்எஸ் சீட் துணி, இது ரெண்டும் போனா போனதுதான். அதனால கிழிஞ்ச சீட் உள்ள ஆர்எஸ்-ஐ விட, புகை தள்ளுற இன்ஜின் உள்ள முழு ஆர்எஸ் மேல்.

இன்ஜின் கம்ப்யூட்டரை மாத்தி குதிரையைக் கூட்டி ரீமேப் பண்ணின வண்டி நிறைய சுத்துது. ஓட்ட ஜாலி. விக்கப் போறப்ப கம்பெனியில வந்தபடியே இருக்கிற ஸ்டாக் வண்டிக்குத்தான் நல்ல வாங்குறவன் வர்றான்.

#15 | நிர்வாகி

இழையில விக்கிற வண்டி படம் போட்டு போன் நம்பர் குடுத்த ரெண்டு பதிவை நீக்கியாச்சு. அதுக்குத் தனிப் பகுதி இருக்கு.

#16 | மஞ்சள் பாலியோ | மதுரை

அடுத்து எது ஏறும்னு யாராவது சொல்லுங்க. என் பந்தயம் அபார்த் புன்ட்டோ. 2015-ல பத்து லட்சத்துக்குள்ள 145 குதிரை. அப்ப வாங்கினவனைப் பைத்தியம்னாங்க. போலோவும் 2022-ல நின்னு போச்சு, ஜிடி டிஎஸ்ஐ நல்லது ஒண்ணுகூட விலை இறங்கிப் பார்க்கலை.

#17 | பட்டறைக்காரன் | திருச்சி

அபார்த் சரி. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கை இயக்குற மெக்கட்ரானிக் யூனிட் போச்சுன்னா வண்டி விலையில பெரும்பங்கு அதுக்கே போகும். வாங்குறவங்க அதை மாத்தின பில் இருக்கிற வண்டியைப் பாருங்க. மாத்தாதது "நல்லா இருக்கு"ன்னு சொன்னா, இன்னும் போகலைன்னு அர்த்தம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பத்தி யாரும் எழுதலை. 2000-த்தை ஒட்டி வந்த வண்டிகள்ல இருக்கிற ரப்பர் ஹோஸ் அதுக்குச் செஞ்சது இல்லை. சில இடத்துல ஊறிக் கொழகொழன்னு ஆகுது, சில இடத்துல வெடிப்பு விடுது. எந்த வண்டி வாங்கினாலும் முதல் வேலையா ஹோஸ், ஓ-ரிங் மாத்திடுங்க. பெரிய காசு இல்லை. அதோட நிறுத்தி வைக்கிறப்ப டேங்கை ரொப்பி வைங்க, பாதி டேங்குல மாசக்கணக்கா நிறுத்தாதீங்க, ஈரம் இழுக்கும்.

டில்லிக்காரன் 15 வருசம் ஆன பெட்ரோல் வண்டியை மலிவாத் தள்ளுறான், ஆட்சேபனை இல்லைங்கிற என்ஓசி சான்று வாங்கிக் கொண்டு வரலாமான்னு போன மாசம் ரெண்டு பேர் கேட்டாங்க. தகரம் நல்லா இருக்கும், உண்மைதான். ஆனா இங்க வரி கட்டி, நம்பர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள அந்த மலிவு போயிடும். முதல்ல உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் டிரெயின் ஏறுங்க.

#18 | ஆறாயிரம் ஆர்பிஎம் | கோயம்புத்தூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. படிச்சதுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு, நான் கேட்ட ரெண்டு கேள்விக்கும் ரெண்டு வேற வண்டி. காசுன்னு பார்த்தா ஆர்எஸ், இல்லைன்னா அசல் நம்பரோட இருக்கற விடெக். ஓட்டன்னா ஐகான். ஆர்எஸ் என் பட்ஜெட்டுக்கு மேல. சத்தியமங்கலம் பக்கம் ஒரு விடெக் இருக்குது, ரெண்டாவது ஓனர், 2002. செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குல அடிச்ச வண்டி இல்லைன்னு சொல்றாரு. அதோட மறைமலைநகர்காரர் மேல பாரத்தைப் போட்டு ஒரு ஐகானும் பார்த்து வெச்சிருக்கேன். விடெக்ல இன்ஜின் நம்பர் எங்க இருக்கும்னு சொல்லுங்க.

#19 | பட்டறைக்காரன் | திருச்சி

பிளாக்கும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்குப் பக்கத்துல, பிளாக்குலயே அடிச்சிருக்கும். அழுக்கு மூடியிருக்கும். ஒரு டார்ச், ஒரு பழைய டூத் பிரஷ், டீசல் நனைச்ச துணி எடுத்துட்டுப் போங்க. தேய்ச்சு படம் எடுத்து ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து பாருங்க. எழுத்துக்கு சுத்தி கிரைண்டர் ஓட்டின மாதிரி பளபளப்பு இருந்தா அப்படியே கிளம்பிடுங்க. இன்ஜின் ஆறின பிறகு தொடுங்க. டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்தினாருன்னு கேளுங்க, ஞாபகம் இல்லைன்னார்னா வாங்கின கையோட மாத்துற செலவை விலையில கழிச்சுக்குங்க.

#20 | மறைமலைநகர்காரன் | செங்கல்பட்டு

ஐகானை முதல்ல ஓட்டிட்டு அப்புறம் விடெக்கை ஓட்டுங்க. வரிசையை மாத்திடாதீங்க.

#21 | விடெக் வெறி | சேலம்

மாத்துங்க, மாத்துங்க. எப்படிப் போனாலும் மூணாவது கியர்ல முழுசா மிதிக்க ஒரு நேர் ரோடு வேணும்னு அந்த ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.